படிப்பைப் பற்றி ஆங்கிலத்தில் பேச: வினைச்சொல்லில் தொடங்கி மரபுத்தொடரில் முடியும் வழிகாட்டி

இலங்கையில் நான் நடத்தும் சனிக்கிழமை வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒரு பிள்ளை, ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சைக்குப் போய்விட்டு வந்து, "டீச்சர், அவங்க ஏன் சிரிச்சாங்கன்னு எனக்கு வெளங்கவே இல்ல" என்றாள். தனக்கு ஆங்கிலம் கற்பித்தவரைப் புகழ நினைத்து, "மை டீச்சர் டாட் மீ எ லெசன்" என்று சொல்லியிருக்கிறாள்.

சொல்லுக்குச் சொல் பார்த்தால் பிழை இல்லை. ஆனால் கேட்பவர் காதில், செய்த தப்புக்கு டீச்சரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்றுதான் விழும். தமிழிலும் அப்படித்தானே? பாடம் சொல்லிக்கொடுப்பது வேறு, பாடம் புகட்டுவது வேறு.

அவள் நாற்பது மரபுத்தொடர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்திருந்தாள். உழைப்பில் குறை இல்லை, வரிசைதான் தலைகீழ். மரபுத்தொடர் கடைசியில் வரவேண்டிய சாமான். அதற்கு முன்னால் செய்யவேண்டியவற்றைச் செய்யாமல் அதைத் தொட்டால் இப்படித்தான் சறுக்கும். இப்போது வகுப்பில் நான் பின்பற்றும் வரிசையைக் கீழே தருகிறேன்.

ஆங்கிலத் தொடர்களை இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கொப்பியில் எழுதும்போது மட்டும் அகராதியைப் பார்த்து ஆங்கில எழுத்தில் எழுதுங்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

ஒரு கொப்பி, குரல் பதிவு செய்ய ஒரு ஃபோன், கேள்வி கேட்க ஒரு ஆள். ஆங்கிலம் தெரிந்தவராக இருக்கவேண்டியதில்லை. கேள்வியை வாசித்துவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

அகராதி தேவை, ஆனால் தமிழ் அர்த்தம் மட்டும் தரும் அகராதி போதாது. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்ட் இரண்டின் மாணவர் அகராதிகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. உச்சரிப்பைக் கேட்கலாம். ஒரு தொடர் பேச்சு வழக்கா, பழைய வழக்கா என்றும் அவற்றில் குறித்திருக்கும். அந்தச் சின்னக் குறிப்பை வாசிக்காதவர்கள்தான் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், உங்கள் சொந்தக் கதைகள் ஐந்து. தமிழிலேயே எழுதுங்கள். புலமைப்பரிசில் பரீட்சைக் காலம், சாதாரண தரப் பரீட்சையில் கழுத்தை நெரித்த பாடம், பாடசாலைக்கு வெளியே பழகிய ஒரு வேலை, யாரோ கைபிடித்துச் சொல்லிக்கொடுத்தது, நீங்கள் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்தது. ஒவ்வொன்றுக்கும் வருடம், இடம், ஆள், முடிவு நான்கும் இருக்கட்டும்.

தமிழில் ஏன் என்று கேட்பார்கள். சொல்ல விஷயம் இல்லாதபோதுதான் வாய் பட்டியலைத் தேடிப் போகிறது. விஷயம் இருந்தால் சொல் பின்னாலேயே வரும்.

2. "படி" என்ற சொல்லை உடையுங்கள்

நம் தடுமாற்றத்தில் பாதி இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. புத்தகம் படிக்கிறோம், பத்தாம் தரம் படிக்கிறோம், பரீட்சைக்குப் படிக்கிறோம், தையல் படிக்கிறோம். ஆங்கிலத்தில் இந்த நான்கையும் நான்கு விதமாகச் சொல்லவேண்டும்.

புத்தகத்தையோ பேப்பரையோ கண்ணால் படித்தால் "ரீட்". உட்கார்ந்து முயற்சி செய்து படித்தால் "ஸ்டடி". படித்த பாடத்தைப் பரீட்சைக்காகத் திரும்பப் பார்த்தால் "ரிவைஸ்". படித்து அது நமக்கு வந்துவிட்டால் "லேர்ன்". பத்தாம் தரம் படிக்கிறேன் என்பதற்கு வினையே வேண்டாம், "ஐ ஆம் இன் க்ரேட் டென்" போதும். "ஐ ஆம் ரீடிங் க்ரேட் டென்" என்றால் கேட்பவர் ஏதோ புத்தகத்தின் பெயர் என்று நினைப்பார்.

"ஸ்டடி" என்பது முயற்சி, "லேர்ன்" என்பது பலன். இதை மனதில் பதிக்க வகுப்பில் ஒரு வசனம் சொல்லவைப்பேன்: "ஐ ஸ்டடிட் இங்லிஷ் ஃபார் டென் இயர்ஸ், பட் ஐ டிட்ன்ட் லேர்ன் மச்." எல்லோரும் சிரிப்பார்கள். ஏனென்றால் எல்லோருடைய கதையும் அதுதான்.

அப்புறம் "பிக் அப்". யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்காமல் கேட்டுக் கேட்டே வந்துவிடுவதற்கு இந்தச் சொல். நம்மில் பலருக்குச் சிங்களம் பஸ்ஸிலும் கடைவீதியிலும் வந்ததுதான். அதை "ஐ ஸ்டடிட் சின்ஹல" என்று சொல்லாதீர்கள், வகுப்புக்குப் போனீர்களா என்று கேட்பார்கள். "ஐ பிக்ட் அப் சின்ஹல இன் த பஸார்" என்றால் விஷயம் முடிந்தது.

சொல்லிக்கொடுப்பதற்கு "டீச்". இதோடு ஆளின் பெயர் நேரே ஒட்டும். "ஷீ டாட் மீ இங்லிஷ்" சரி, "ஷீ டாட் டு மீ இங்லிஷ்" பிழை. தமிழில் "எனக்கு" என்று வரும் "கு"வை அப்படியே தூக்கிக்கொண்டு போவதால் வரும் "டு" அது. விளையாட்டுக்கும் பரீட்சைக்கும் தனியாகத் தயார் செய்தால் "கோச்", வேலைக்குப் பழக்கினால் "ட்ரெய்ன்".

இந்தப் படிக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஐந்து கதைகளிலும் "படி" வரும் இடத்தையெல்லாம் வட்டமிட்டு, பக்கத்தில் சரியான ஆங்கில வினையை எழுதுங்கள். வாக்கியமாக எழுதவேண்டாம், வினை மட்டும்.

3. நம் ஊரில் ஒரு பொருள், வெளியே வேறு பொருள்

நம் நாட்டுக்குள் பேசும்போது கீழே உள்ளவை எல்லாம் சரியான சொற்களே. வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெளிநாட்டவரிடமோ சர்வதேசப் பரீட்சை ஒன்றிலோ பேசும்போதுதான் கவனம் வேண்டும்.

நமக்குக் "காலேஜ்" என்றால் ஆறாம் தரப் பிள்ளையும் போகும் பாடசாலை. வெளியே பெரும்பாலும் பதினாறு, பதினேழு வயதுக்குமேல் போகும் இடம். ஆகவே பெயரில் கல்லூரி இருந்தாலும் "மை ஸ்கூல்" என்றே சொல்லுங்கள். "கேம்பஸ் போகிறாள்" என்பதை "ஷீ இஸ் அட் யுனிவர்சிட்டி" என்று மாற்றுங்கள். கேம்பஸ் என்றால் அவர்களுக்குக் கட்டடமும் வளவும் மட்டுமே.

"மை சேர்", "அவர் மிஸ்" இரண்டும் "மை டீச்சர்" ஆகவேண்டும். கூப்பிடும்போது சேர், மற்றவரிடம் சொல்லும்போது டீச்சர்.

"ஐ பாஸ்ட் அவுட் இன் 2019" என்று ஒரு தம்பி சொன்னான். பயிற்சி முடித்து வெளியேறினேன் என்பது அவன் நினைப்பு. அப்படிப் பேசாத ஊர்க்காரர் ஒருவர் கேட்டால், மயங்கி விழுந்தாய் என்றே எடுத்துக்கொள்வார். பாடசாலை என்றால் "லெஃப்ட் ஸ்கூல்", பல்கலைக்கழகம் என்றால் "க்ராஜுவேட்டட்".

"பை ஹார்ட் பண்ணினேன்" என்பதை "ஐ பைஹார்ட்டட்" ஆக்குபவர்களும் உண்டு. ஆங்கிலத்தில் அது வினை அல்ல. முன்னால் "லேர்ன்" வேண்டும்: "ஐ லேர்ன்ட் இட் பை ஹார்ட்."

ஓ எல் (சாதாரண தரம்), ஏ எல் (உயர் தரம்) என்று வெறுமனே சொல்லிவிட்டு ஓடாதீர்கள். பதினோராம் தர முடிவில் ஒரு பரீட்சை, பதின்மூன்றாம் தர முடிவில் ஒரு பரீட்சை என்று ஒரு வசனம் சேருங்கள். பெறுபேறும் அப்படித்தான். "ஐ காட் ஆன் எஸ்" என்றால் யாருக்கும் விளங்காது. எஸ் என்பது 35 புள்ளி எடுத்தால் கிடைக்கும் சாதாரண சித்தி, அதனால் "எ சிம்பிள் பாஸ்" என்றே சொல்லலாம்.

4. சோடிச் சொற்கள்

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் தனியாக வராது, தன் வினையைக் கூட்டிக்கொண்டுதான் வரும். பரீட்சை எழுதினேன் என்பதற்கு "சிட்" அல்லது "டேக்". "ரோட் த எக்ஸாம்" நம் பக்கத்தில் ஓடும், வெளியே காதில் உறுத்தும். வீட்டு வேலை "டூ", முன்னேற்றம் "மேக்", புள்ளி "கெட்", ஒப்படை "ஹேண்ட் இன்".

பின்தங்கினால் "ஃபால் பிஹைண்ட்", விட்டதைப் பிடித்தால் "கேட்ச் அப்", இடையில் நின்றுவிட்டால் "ட்ராப் அவுட்". நம் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளின் கதைகளில் இந்த மூன்றும் இல்லாமல் இருக்காது, ஆகவே முதலில் இவை நாவில் ஏறட்டும்.

"ஹோம்வேர்க்ஸ்", "நாலெட்ஜஸ்", "அட்வைசஸ்" என்று பன்மை கிடையாது. "டிஸ்கஸ்" என்றால் டிஸ்கஸ், பின்னால் "அபௌட்" வராது. மூன்று வருடமாகப் படிக்கிறேன் என்பது "ஐ ஹாவ் பீன் ஸ்டடியிங் ஃபார் த்ரீ இயர்ஸ்". வருடத்தைக் குறித்துச் சொன்னால் நேரடி இறந்தகாலம்: "ஐ பாஸ்ட் இன் 2019". "ஹாவ் பாஸ்ட் இன் 2019" வேண்டாம்.

5. இப்போதுதான் மரபுத்தொடர், அதுவும் ஏழு

ஏழுக்குமேல் எடுக்காதீர்கள். ஒவ்வொன்றையும் உங்கள் ஐந்து கதைகளில் ஒன்றோடு கட்டிப்போடுங்கள். கதையோடு ஒட்டாத தொடரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. கதையோடு கட்டினால் அது தானாக நினைவுக்கு வரும். பட்டியலில் இருந்தால் தேடவேண்டும், தேடும் நேரத்தில் பேச்சு நின்றுவிடும்.

முதல் இரண்டையும் எல்லோரும் குழப்புவார்கள்: "லேர்ன் த ரோப்ஸ்", "கெட் த ஹேங் ஆஃப் இட்".

தேயிலைக் கொழுந்து எடுக்கப் புதிதாய் மலைக்குப் போகும் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த நிரையில் நிற்கவேண்டும், கூடைக் கயிற்றைத் தலையில் எங்கே வைக்கவேண்டும், எத்தனை மணிக்கு மடுவத்துக்கு நிறுக்கப் போகவேண்டும், யாரிடம் கேட்கவேண்டும், எதைக் கேட்கக்கூடாது. இதெல்லாம் அந்த இடத்தின் நடைமுறை. அதைப் பழகுவது "லேர்ன் த ரோப்ஸ்". பாய்க்கப்பலில் எந்தக் கயிறு எதற்கென்று பழகியதிலிருந்து வந்த பேச்சு, அதனால் எப்போதும் பன்மை. "ரோப்" என்று ஒற்றைக் கயிறாக்கினால் தொடர் அறுந்துவிடும்.

அப்புறம் ஒரு நாள், கண் பார்க்கும் முன்பே விரல் இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளத் தொடங்கும். கை பழகிவிட்டது. அது "கெட் த ஹேங் ஆஃப் இட்". ஆகவே புதிய வேலையிடம், புதிய பாடசாலை என்றால் ரோப்ஸ். தையல் மெஷின், முச்சக்கரவண்டி, கணக்குச் செய்யும் முறை என்றால் ஹேங்.

மூன்றாவது "பேர்ன் த மிட்நைட் ஆயில்", இரவு கண்விழித்துப் படிப்பது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. மே மாதம் சாதாரண தரம் எழுத இருந்த என் மாணவி ஒருத்தி குப்பி விளக்கில் படித்தாள். மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலம் அது. பிறகு ஒரு பேச்சுப் பரீட்சையில், "ஐ லிட்ரலி பேர்ன்ட் த மிட்நைட் ஆயில்" என்று சொல்லிவிட்டு அந்தக் குப்பி விளக்கை விவரித்திருக்கிறாள். வேறு யார் வாயில் வந்தாலும் தேய்ந்துபோன தொடர் அது. இவள் வாயில் உயிரோடு இருந்தது. ஆயிலை லாம்ப் ஆக்காதீர்கள், அவ்வளவுதான்.

நான்காவது "பேரட் ஃபேஷன்". கிளிப்பிள்ளைப் பாடம் என்று நாம் சொல்வதேதான். "லேர்ன் பை ஹார்ட்" குறையில்லாத சொல். திருக்குறளை அப்படித்தான் படிக்கிறோம். "லேர்ன் பேரட் ஃபேஷன்" என்றால் விளங்காமல் ஒப்புவித்தது என்ற குறை தொனிக்கும்.

ஐந்தும் ஆறும் பெறுபேற்றுக்கு. கொடி பறக்க வெற்றி என்றால் "பாஸ் வித் ஃப்ளையிங் கலர்ஸ்". இதுவும் கப்பல் பேச்சுதான், கலர்ஸ் என்பது அதன் கொடிகள். மயிரிழையில் தப்பினால் "ஸ்க்ரேப் த்ரூ". எஸ் எடுத்தவர் ஃப்ளையிங் கலர்ஸ் என்று சொல்லவேண்டாம். அடுத்த கேள்வியே "என்ன புள்ளி?" என்றுதான் வரும்.

ஏழாவது "பிரஷ் அப்". ஒரு காலத்தில் தெரிந்ததைத் தூசு தட்டுவது. தெரியாததைப் புதிதாகப் படிக்க இது பொருந்தாது. "ஐ நீட் டு பிரஷ் அப் மை இங்லிஷ்" என்று சொல்லும் ஆளுக்கு முன்பே கொஞ்சம் ஆங்கிலம் தெரியும் என்று அர்த்தம்.

6. விழும் குழிகள்

பாடம் புகட்டிய கதையைச் சொல்லிவிட்டேன். அதே குடும்பத்தில் இன்னும் சில உண்டு.

"ஸ்பூன் ஃபீட்". நமக்கு ஊட்டிவிடுவது என்றால் அன்பு. ஆங்கிலத்தில் அது குற்றச்சாட்டு: பிள்ளையை யோசிக்கவிடாமல் எல்லாவற்றையும் வாயில் வைத்துவிட்டார் என்று. நன்றி சொல்லும் இடத்தில் இதைப் போட்டால் டீச்சர் மனம் நோகும்.

"டீச்சர்ஸ் பெட்". நாம் செல்லப்பிள்ளை என்று பெருமையாகவும் சொல்வோம். அவர்கள் அதில் ஒரு இளக்காரம் வைத்திருக்கிறார்கள்.

வயதானவர்கள் புதிதாய்க் கற்பது கடினம் என்பதற்குக் கிழட்டு நாய்க்குப் புதுவித்தை பழக்கமுடியாது என்று ஒரு ஆங்கிலப் பழமொழி உண்டு. ஒரு பையன் தன் அப்பா ஸ்மார்ட்ஃபோன் பழகியதைப் பற்றிப் பேசும்போது அதை எடுத்துவிட்டான். ஆங்கிலேயர் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார், ஆனால் சொன்ன பையனுக்கே முகம் சுருங்கிவிட்டது. நம்மிடம் ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று இருக்கிறதே! "வீ ஹாவ் எ ஸேயிங் இன் டமில்" என்று தொடங்கி, அதன் பொருளைச் சாதாரண ஆங்கிலத்தில் சொல்லுங்கள். கற்றது கைம்மண் அளவும் அப்படியே. முன்னறிவிப்பு இல்லாமல் நேரே மொழிபெயர்த்தால்தான் கேட்பவர் விழிப்பார்.

7. ஒரு பதிலைக் கட்டுவது

வரிசை இதுதான்: முதலில் தகவல், பிறகு நடந்தது, அதன் காரணம், கடைசியில் முடிவு. மரபுத்தொடர் நடந்ததிலோ முடிவிலோ வரலாம். முதல் வசனத்தில் வேண்டாம். கேட்பவருக்குக் கதை தெரியும் முன்பே தொடரைக் கொடுத்தால் மனப்பாடம் என்று பிடிபட்டுவிடும்.

வகுப்பில் வந்த ஒரு பதில்: "ஐ ரெட் இன் எ காலேஜ். மை சேர் வாஸ் வெரி குட். ஐ ஹிட் த புக்ஸ் அண்ட் பேர்ன்ட் த மிட்நைட் ஆயில் அண்ட் பாஸ்ட் வித் ஃப்ளையிங் கலர்ஸ்." மூன்று தொடர் இருக்கிறது ("ஹிட் த புக்ஸ்" என்றால் மும்முரமாகப் படிப்பது), ஆள் இல்லை.

அதே பையனிடம் தமிழில் நடந்ததைக் கேட்டோம். திருத்திய பிறகு வந்தது இது: "ஐ வென்ட் டு எ டமில் மீடியம் ஸ்கூல் நியர் ஹட்டன். இன் க்ரேட் டென் ஐ ஃபெல் பிஹைண்ட் இன் மேத்ஸ், பிகாஸ் வீ ஹாட் நோ மேத்ஸ் டீச்சர் ஃபார் டூ டேர்ம்ஸ். மை ஆன்ட் ஹெல்ப்ட் மீ கேட்ச் அப் இன் த ஈவ்னிங்ஸ், அண்ட் இன் தி எண்ட் ஐ ஜஸ்ட் ஸ்க்ரேப்ட் த்ரூ."

மரபுத்தொடர் ஒன்றே ஒன்று. அதுவும் தோற்கப்போய்த் தப்பிய கதை. இரண்டு தவணை கணக்கு டீச்சர் இல்லாமல் இருந்ததையும் அத்தை வந்து சொல்லிக்கொடுத்ததையும் கேட்ட யாரும் மறக்கமாட்டார்கள்.

8. பதிவு செய்து மூன்று முறை கேளுங்கள்

வெளிநாட்டில் படிக்கவும் வேலை செய்யவும் கேட்கும் ஆங்கிலப் பரீட்சையான ஐஇஎல்டிஎஸ்ஸின் பேச்சுப் பரீட்சையில், இரண்டாம் பகுதியில் யோசிக்க 1 நிமிடம், பேச 1 முதல் 2 நிமிடம் தருவார்கள். அந்தப் பரீட்சை எழுதாதவர்களும் இந்த அளவையே வைத்துப் பழகலாம், நேர்முகப் பரீட்சைக்கும் பொருந்தும்.

முதல் முறை கேட்கும்போது காலத்தை மட்டும் பாருங்கள், இறந்தகாலம் நழுவுகிறதா என்று. இரண்டாம் முறை சோடிச் சொற்கள். மூன்றாம் முறை எங்கே நிற்கிறீர்கள் என்று. எல்லாவற்றையும் ஒரே தடவையில் பிடிக்கப் பார்த்தால் ஒன்றும் சிக்காது, மனமும் விட்டுப்போகும்.

மரபுத்தொடருக்குச் சற்று முன்னால் ஒவ்வொரு முறையும் நிற்கிறீர்கள் என்றால், அந்தத் தொடர் இன்னும் உங்களுடையது ஆகவில்லை. அதை எடுத்துவிட்டுச் சாதாரண சொல்லில் சொல்லுங்கள்.

உச்சரிப்பில் ஒன்றைக் கட்டாயம் பார்க்கவேண்டும். "லேர்ன் பை ஹார்ட்" என்பதில் இருப்பது இதயம். பட்டுத் தெரிந்துகொண்டேன் என்னும் "லேர்ன் த ஹார்ட் வே" என்பதில் இருப்பது கடினம். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறோம், வாயும் ஒரே மாதிரி சொல்லிவிடுகிறது. இதயத்தில் உயிரொலி குறுகி, கடைசி எழுத்து "பாட்டு" என்பதில் வரும் வல்லின ஒலியாக வெட்டி நிற்கவேண்டும். கடினத்தில் உயிரொலி நீண்டு, "பாடு" என்பதில் வரும் மென்மையோடு முடியவேண்டும். தினம் பத்துத் தடவை மாற்றி மாற்றிச் சொன்னால் ஒரு வாரத்தில் பிரிந்துவிடும்.

9. எழுத்துக்குப் போகும்போது

விண்ணப்பக் கடிதத்தில் இந்த ஏழில் எதையும் போடாதீர்கள். அங்கே "ரிவைஸ்ட்", "மெமரைஸ்ட்", "கம்ப்ளீட்டட்", "குவாலிஃபிகேஷன்" போன்ற நேரான சொற்களே பொருத்தம். நண்பருக்கு எழுதும் மெசேஜில் எது வேண்டுமானாலும் போடுங்கள்.

10. கேள்வி கேட்கும் ஆளுக்குக் கொடுக்கவேண்டிய தாள்

ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுங்கள். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள். பாடசாலைக்கு வெளியே எதைப் பழகினீர்கள்? எந்தப் பாடத்தில் பின்தங்கினீர்கள், ஏன்? மனப்பாடம் செய்வது நல்லதா? நீங்கள் யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்திருக்கிறீர்களா?

வரிசையை மாற்றி மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். பதில் முடிந்ததும் "ஏன்?" என்று மட்டும் ஒருமுறை கூடுதலாகக் கேட்கவேண்டும். மனப்பாடம் செய்த பதில் அந்த "ஏன்"னில் நின்றுவிடும். என் வகுப்பில் பெரும்பாலும் நான்காவது கேள்வியில்தான் அது நடக்கும். ஏனென்றால் அதற்கு மட்டும் சொந்தக் கதையைத் தாண்டி ஒரு கருத்தும் சொல்லியாகவேண்டும். அதனால் முதல் வாரத்தில் நான்காவதை மட்டும் கேட்கச் சொல்லிப் பழகுங்கள்.